கறுக்காதே மீசையே!

இட்லி இன்னும் வேகவில்லை. அதற்குள் மூன்றாவது போன்!

அன்புக்கரசி செல்லை முறைத்தாள்.

முதல் போன் அனந்தபுரத்துச் சித்தப்பா. வெறும் வயிற்றில் பப்பாளி இலைச் சாறு குடித்தால் கேன்சர் ஓடியே போய்விடுமாம். இரண்டாவது, கூடப் படித்த சிநேகிதி. சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்தே செத்துவிடுமாம். வாட்ஸ்அப்பில் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் செஞ்சி வட்டாரத்தில் அவ்வளவு பேர்!

எடுத்தாள்.

"ஹலோ..."

மூச்சுச் சத்தம். பிறகு வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுகிற ஒரு பெண் குரல்.

"உன் வூட்டுக்காரரு முழுங்கறது மருந்து இல்ல."

"யாரு பேசறது?"

"மாவு... வெறும் மாவு. மருந்து வேற வூட்டுக்குப் போவுது."

"இன்னா சொல்றீங்க? எந்த வூட்டுக்கு?"

லைன் செத்துப்போனது.

அன்புக்கரசி கையில் கரண்டியோடு ஹாலுக்கு வந்தாள்.

ஜன்னலோரம் நாற்காலியில் அரங்கநாதன். அவள் கணவன். திண்டிவனம் ரூட்டில் கண்டக்டராக விசில் ஊதியவன். கிட்னியில் கிளம்பிய கேன்சர் டிக்கெட் எடுக்காமலே நுரையீரல் வரை பயணம் செய்துவிட்டது. இருக்கிற மருந்தெல்லாம் கைவிட்ட பிறகு, சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் புது மருந்து ட்ரையலில் சேர்த்திருந்தாள்.

இப்போது கைக்கண்ணாடியில் மீசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அரசி... இங்க பாரேன். அடியில கறுப்பா மொளைக்குது. ஒடம்பு தேறுது போல."

பார்த்தாள். நுனியில் வெள்ளை. வேரில் கறுப்பு.

கண்ணாடியை அவன் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

ட்ரையலில் சேர்ந்த அன்றைக்கே டாக்டர் கலைச்செல்வி விளக்கியிருந்தாள். சிலருக்கு நிஜ மருந்து, சிலருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. ஆனால் இந்த ஜாதி மருந்து உள்ளே போனால் பலருக்கு முடி வெளுக்கும்.

முதல் மாதமே அரங்கநாதனின் கருகரு மீசை பஞ்சாய் வெளுத்தது. பார்க்க வந்தவர்கள் 'ஐயோ பாவம், எப்படி இருந்த மனுசன்' என்று உச்சுக் கொட்டினார்கள். அன்புக்கரசி மட்டும் சமையற்கட்டுக்குள் போய் சந்தோஷத்தில் அழுதாள். ஸ்கேனிலும் கட்டி சுருங்கியிருந்தது.

இப்போது அதே மீசை கறுக்கிறது.

கொல்லைப்புறம் போய் டாக்டருக்கு போன் போட்டாள்.

"டாக்டர், ட்ரையல்ல நடுவுல மருந்தை மாத்துவீங்களா?"

"மாத்தவே மாட்டோம். மொதல்ல எதுவோ கடைசி வரைக்கும் அதுதான். ஏன் கேக்கறீங்க?"

"அவரு மீசை கறுப்பா மொளைக்குது."



"மாத்திரையை ஒழுங்கா சாப்புடறாரா?"

"என் கையாலதான் குடுக்கறேன்."

"பாட்டிலை யாரு வாங்கிட்டு வர்றது?"

"உங்க ஆதவன்தான் டாக்டர். ரெண்டு மாசமா வூட்டுக்கே கொண்டாந்து தர்றாரு. 'நீங்க எதுக்கு மேடம் அலையணும், நானும் செஞ்சிக்காரன்தானே'ன்னாரு."

ஆதவன். ட்ரையலின் கோஆர்டினேட்டர். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, சர்க்கரைப் பாகு மாதிரி பேச்சு. வரும்போதெல்லாம் ஒரே பல்லவி... 'இஷ்டம் இல்லன்னா எப்ப வேணும்னாலும் ட்ரையல்லேர்ந்து விலகிக்கலாம் சார். அது உங்க உரிமை.' எவ்வளவு தங்கமான பிள்ளை என்று அன்புக்கரசியே அவனுக்கு முறுக்கு சுட்டுக் கொடுத்திருக்கிறாள். அந்த முறுக்கு மாவை நினைத்து இப்போது பற்றிக்கொண்டு வந்தது.

"யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க" என்றாள் டாக்டர். "ஆதவன்கிட்ட சிரிச்சே பேசுங்க."

வாசலில் கார் ஹாரன்.

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அவளுக்குச் செஞ்சிக் கோட்டை பார்க்க வருகிறவர்களாகவே தெரிந்தார்கள். சுற்றிப் பார்ப்பார்கள். 'அந்தக் காலத்துல எப்படி இருந்தது' என்று பெருமூச்சு விடுவார்கள். முடிந்தால் ஒரு போட்டோ. கிளம்பிவிடுவார்கள்.

இன்று வந்தது வீரமணி. அரங்கநாதனின் பெரியப்பா மகன். ரைஸ்மில் முதலாளி. பேரூராட்சித் தலைவராகும் ஆசையில் ஊரில் ஒரு சுவர் விடாமல் கும்பிட்டுக்கொண்டு நிற்பவர். கொஞ்ச நாளாக ஆள் இளைத்திருந்தார். கேட்டால் 'டயட்டு' என்பார். சாயம் பூசிய மீசை தார் ரோடு போலப் பளபளத்தது. வெயிலே இல்லாத ஹாலுக்குள்ளும் கூலிங்கிளாஸ்.

"எப்புட்றா இருக்கற, ரங்கா?"

"வண்டி நிக்குதுண்ணே. எமன் ஒத்தை விசில் குடுத்துட்டான். ரெண்டாவது விசில் குடுத்து ரைட் சொல்ல இவ போராடறா."

"தைரியமா இருடா. உசுரு போறதும் வர்றதும் நம்ம கையிலயா இருக்குது?"

வீரமணியின் குரல் தழுதழுத்தது. கேமரா இல்லாத இடத்தில் அவர் அழுவது அதுவே முதல் தடவை. கூலிங்கிளாஸைக் கழற்றி, வராத கண்ணீரைத் துடைத்தார்.

காபி டம்ளரை நீட்டிய அன்புக்கரசி அப்படியே நின்றாள்.

அவர் இமை முடிகள்...

வெள்ளை வெளேர் என்று இருந்தன!

தலைக்குச் சாயம் அடிக்கலாம். மீசைக்கு அடிக்கலாம். கண் இமை முடிக்கு எவன் அடிப்பான்?

"இன்னாம்மா அப்படிப் பாக்கற?"

"ஒண்ணுமில்ல மாமா. காபிக்கு சர்க்கரை போடலாமான்னு யோசிச்சேன்... உங்க டயட்டு."

"போடு போடு. இப்ப ஒடம்பு சூப்பரா இருக்குது."

இருக்காதா பின்னே! அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு ஸ்பூன் போட்டாள். விஷமாக இருந்தாலும் போட்டிருப்பாள்.

கார் கிளம்பியதும் மறுபடி டாக்டருக்குப் பேசினாள். டாக்டர், இன்ஸ்பெக்டர் எழிலனுக்குப் பேசினாள்.

அடுத்த பாட்டிலோடு ஆதவன் வந்தான். அதே மடிப்பு, அதே பாகு.

"சார் முகத்துல என்னா களை மேடம்! மீசை கூட கறுத்துடுச்சி. குணமாவுதுன்னு அர்த்தம்."

"அப்டிங்களா? நான் பயந்தே பூட்டேன்."

"பயமா இருந்தா விலகிக்கலாம் மேடம். உங்க உரிமை."

"வேணாம்பா. ஆதவன் கையால வாங்கினா அதுவே பாதி குணம்."

அவன் நெளிந்தான். அன்புக்கரசி பாட்டிலைத் திறந்தாள். மாத்திரைகளை ஒரு எவர்சில்வர் தட்டில் கொட்டினாள். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள்.

"எண்ணிப் பாக்கறீங்களா மேடம்? சரியா இருக்கும்."

"எண்ணிக்கை சரியா இருக்குதுப்பா. கீறலைத்தான் காணோம்."

"கீறலா?"

சமையற்கட்டிலிருந்து டாக்டர் கலைச்செல்வி வெளியே வந்தாள்.

"நான் போட்ட கீறல், ஆதவன். உங்கிட்ட பாட்டிலைக் குடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மாத்திரை மேலயும் ஊசியால போட்டேன். எங்க போச்சு?"

ஆதவனின் முகத்தில் ரத்தம் வற்றியது. வாசலைப் பார்த்துத் திரும்பினான். அங்கே இன்ஸ்பெக்டர் எழிலன் நிலையில் சாய்ந்துகொண்டு முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

"சார்... நான் இல்ல சார். வீரமணி அண்ணன்தான். அவருக்கும் இதே வியாதி. வெளிய தெரிஞ்சா எவன் ஓட்டுப் போடுவான்னு மறைச்சிட்டாரு. ட்ரையல்ல சேர்ந்தா மாவு மாத்திரை வந்துருமோன்னு பயம். இவருக்கு மீசை வெளுத்ததைப் பாத்துட்டு, இதுதான் நிஜ மருந்து, இதையே எடுத்துட்டு வா, பதிலுக்கு மாவு மாத்திரையைப் போட்டுடுன்னாரு. பஜார்ல மெடிக்கல் ஷாப் வெச்சித் தரேன்னாரு..."

"கடைக்குப் பேரு வெச்சிட்டியா?"

"தப்பு நடந்துபோச்சு சார். இந்த வேலையே வேணாம். ட்ரையல்லேர்ந்து நான் விலகிக்கறேன்."

"ஒரு ட்ரையல்லேர்ந்து விலகிட்ட. அடுத்த ட்ரையல் கோர்ட்டுல. அதுல விலகறதுக்கெல்லாம் உரிமை கெடையாது."

கீறல் போட்ட மாத்திரைகள் ரைஸ்மில்லில் லட்சுமி படத்துக்குப் பின்னால் கிடைத்தன. வீரமணி வருத்தப்படவில்லை.

"ஊரையே தாங்கற உசுரு பெருசா, டிக்கெட்டு கிழிக்கற உசுரு பெருசா?" என்று கேட்டாராம்.

கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறப்போன நிமிஷத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பெரிய மனிதர்களின் நெஞ்சுக்குப் போலீஸ் ஜீப் மட்டும் எப்போதுமே ஒத்துக்கொள்வதில்லை. ஆஸ்பத்திரியில் தனி ரூம். வாசலில் ஒரு கான்ஸ்டபிள்.

ஆஸ்பத்திரிக் குழு கூடிப் பேசி, அரங்கநாதன் ட்ரையலில் தொடரலாம் என்றது. புது பாட்டிலை டாக்டரே கொண்டுவந்தாள்.

"ரெண்டு மாசம் வீணாப் போச்சு. கட்டி திரும்பக் கொஞ்சம் வளந்திருக்குது. குணமாகும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

"பொய் வேணாம் டாக்டர். மருந்து மட்டும் நிஜமா இருந்தாப் போதும்."

அரங்கநாதன் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தான். மனைவியைப் பார்த்து இரண்டு விரலை உதட்டில் வைத்து, சத்தமே வராத விசில் இரண்டு ஊதினான்.

"ரைட்... போலாம்."

அவளுக்குக் கண் நிறைந்தது. புருஷனின் மீசை சீக்கிரம் நரைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட பெண் அந்த ஊரில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

போன்!

இந்த முறை வாயில் துணி இல்லை. குரல் தெளிவாக இருந்தது. தெரிந்த குரல்.

"அரசி... நான் ராஜாம்பாள் பேசறேன்."

வீரமணியின் மனைவி! கூட்டம் நடந்தால் மேடையில் குத்துவிளக்கு ஏற்ற மட்டும் வெளியே வருகிறவள்.

"அக்கா... அன்னிக்கு போன் பண்ணது நீங்களா?"

"நானேதான்."

"உங்க வூட்டுக்காரரு உசுரு சமாச்சாரம். நீங்க எப்டிக்கா..."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அடி வாங்கறேன் அரசி. நோவு வந்தப்பறம்தான் அந்தக் கை தொங்கிச்சு. நிம்மதியா தூங்கனேன். அப்புறம் இந்தப் புது மாத்திரை வந்துச்சா... மருந்து நல்லா வேலை செய்யுது. கைக்கு பழைய பலம் திரும்பிடுச்சு."

 ஒரே மருந்து. ஒரு வீட்டில் தாலியைக் காப்பாற்றுகிறது. இன்னொரு வீட்டில் கன்னத்தைப் பழுக்க வைக்கிறது.

"நான் இன்னாக்கா செய்யணும்? சொல்லுங்க. எதுனா செய்யறேன்."

"ஆஸ்பத்திரில படுத்துக்கினு மாத்திரை எங்க, மாத்திரை எங்கன்னு ஒரே கத்தல். அதையெல்லாம்தான் போலீஸ் எடுத்துட்டுப் போயிட்டாங்களே. கட்னவ கேட்டுக்கினு சும்மா இருக்க முடியுமா, சொல்லு?"

"முடியாதுதான்..."

ராஜாம்பாள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"போன மாசத்து பாட்டில்ல... அந்த மாவு மாத்திரை எதுனா மிச்சம் இருக்குதா?"