மாடி வீட்டு கனெக்‌ஷன்

வேதநாயகி சிரித்து முடித்த பிறகும் அந்தச் சிரிப்பு இன்னொரு முறை கேட்டது.

லேப்டாப்பிலிருந்து. தண்ணீர்த் தொட்டிக்குள் வாய் வைத்துச் சிரித்தது போல, கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் தடித்து. ஆம்பூரில் இருக்கும் தங்கை லாவண்யாவோடு வீடியோ காலில் இருந்த அவள் அதைக் கவனிக்கவில்லை. அவள் கணவன் சந்திரசேகரன் கவனித்தான். மாடியில் குடியிருக்கும் டோரீன் மீன் வறுக்கும் வாசனை படியிறங்கி வந்தது.

விவேக் நகரில் ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில் டெக்னீஷியன் அவன். திங்கட்கிழமை, யாரையும் 'குரு' என்றே கூப்பிடும் முதலாளி நாகேஷ் கதவைச் சாத்திவிட்டு, முத்திரை வைத்த கவரைப் பிரித்துக் காட்டினார். டோரீன் லைனில் போவது வருவது எல்லாம் அரசாங்கத்துக்கு நகலாகப் போக வேண்டும்.

"யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது குரு. பொண்டாட்டிகிட்டகூட. வெளிய தெரிஞ்சா நாம ரெண்டு பேரும் உள்ள."

தன் கையாலேயே நகலைத் திறந்துவிட்டு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. டோரீன் லைனிலிருந்து ஓசியில் ஒயர் இழுத்துத் தன் வீட்டுக்கு விட்டு மூன்று வருடமாகிறது. இனி தன் வீட்டுப் பேச்சும் சேர்ந்தே நகலாகும். லைனில் வேலை செய்யும் எல்லோரும் செய்வதுதான். முதலாளியிடம் சொன்னால் வேலை போகும். ஒயரைத் தொட்டால் சந்தேகம் வரும். மனைவியிடம் பேசாதே என்றால், ஏன் என்பாள்.

"எங்க ஆளு மூணு நாளா சோறே திங்கலடி. பேய் அறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்காரு." என்றாள் வேதநாயகி தங்கையிடம்.

"சின்ன வீடு ஏதாச்சும் செட் பண்ணிட்டாரா, பாருக்கா!"

"அதுக்கெல்லாம் இவருக்கு ஏதுடி தைரியம்? ஆபீசுக்கு ஏதோ கவர் வந்துச்சாம். தூக்கத்துல உளர்றாரு."

அவன் எழுந்துவிட்டான். "வேதா, போதும். வெச்சுடு."

"ஏங்க?"

அவன் வேலைப் பையைக் கிட்டே இழுத்தான்.

"உளறும்போது என்னக்கா சொன்னாரு?" லாவண்யாவின் குரல்தான். இப்போது அதில் சிரிப்பு இல்லை.

"ஏதோ பேரு சொன்னாருடி..."

பையில் கட்டிங் பிளேயர். ஜன்னலோரம் ஒயர். ஒரே அழுத்து.

மோடத்தில் சிவப்பு விளக்கு. திரையில் லாவண்யாவின் முகம் அப்படியே நின்றது. வாய் மூடியிருந்தது.

"ஐயோ, கட்டாயிடுச்சே!" என்றாள் வேதநாயகி.

ஃபேன் சத்தம். அவன் மூச்சு. வேறொன்றும் இல்லை.

பிறகு, அசையாத அந்த உதடுகளிலிருந்து:

"நீங்களே சொல்லுங்க மாமா. என்ன பேரு?"