எச்சில் வாளி

அந்த வீட்டுக்குள் நாங்கள் நுழைந்தபோது காலை ஏழரை மணி. ஒன்பது பேர், ஒரு வேன், வாடகைக் கேமரா ஒன்று. என் அக்கா இயக்கிய முதல் படத்தின் கடைசி நாள் அது.

எடுக்க வேண்டியது முடிவுக் காட்சி: மனைவியைப் புதைத்துவிட்டு வந்த ஒரு முதியவர் மகனோடும் மகளோடும் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருகிறார். யாருக்கும் பேச்சு வரவில்லை. திடீரென்று அவர் சிரிக்கிறார். அடக்க முடியாமல், கண்ணில் நீர் வழிய. மற்ற இருவரும் சேர்ந்துகொள்ள, படம் முடிகிறது. இந்தக் கதையை ஆறு வருடம் சுமந்துகொண்டு அலைந்தவள் அக்கா. மாலை வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

"அந்தச் சிரிப்பு வரலன்னா என்கிட்ட படமே இல்லடி," என்று வேனிலேயே சொன்னாள்.

பல வருடம் பூட்டிக் கிடந்த வீடு. ஈரத்துணியைச் சுருட்டி மூடி வைத்த பெட்டியைத் திறந்தது போல ஒரு வாடை. பகலை இரவாக்க ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் அடைத்தோம். அடைத்த பிறகு வாடை இன்னும் கெட்டியானது.

சாப்பாட்டுக் காட்சியை எப்படி எடுப்பார்கள் என்று பலருக்குத் தெரியாது. முதலில் எல்லோரும் தெரிகிற மாதிரி தள்ளி நின்று எடுப்பார்கள். பிறகு ஒவ்வொரு முகத்தையும் பக்கத்தில் போய். பிறகு முதுகுப் பக்கத்திலிருந்து. ஒவ்வொரு தடவையும் அதே வசனத்தில் அதே கவளம் வாய்க்குப் போக வேண்டும். தட்டில் சோறு எந்தப் பக்கம் குறைந்தது, முட்டையில் எத்தனை கடி விழுந்தது என்று குறித்து வைப்பவள்தான் நான். கன்டினியூட்டி என்பார்கள். இருபது டேக் போனால் இருபது தடவை யாராலும் விழுங்க முடியாது. அதனால் மேஜைக்கு அடியில் ஒரு வாளி இருக்கும். மென்றுவிட்டு, 'கட்' சொன்னதும் அதில் துப்பிவிடுவார்கள். மேஜை விரிப்பு தரைவரை தொங்குவதால் கேமராவுக்குத் தெரியாது. சின்னப் படம் என்பதால் வாளியைக் கொட்டுவதும் என் வேலைதான்.

நான்கு டேக் முடிந்து வாளியை இழுத்தேன். கனமே இல்லை.

உள்ளே ஒரு பருக்கைகூட இல்லை. கழுவிய மாதிரியும் இல்லை. உள்சுவர் முழுக்க வழவழப்பாக ஏதோ பூசியிருந்தது. விரல் பட்ட இடத்திலிருந்து நூல் நூலாக இழுத்தது.

லைட்மேன் என் கணவர். அவரிடம், "வாளிய நீங்க கொட்டுனீங்களா?" என்றேன்.

"எச்சி வாளி தூக்கத்தான் என்னைக் கட்டிக்கிட்டியா?" என்றார்.

எட்டாவது டேக்குக்குப் பிறகும் வாளி காலி. அடுத்த டேக்குக்காக எல்லோரும் சத்தமில்லாமல் நிற்கும் அந்த ஒரு கணத்தில், 'ஆக்‌ஷன்' என்ற சொல்லுக்கு முன், விரிப்புக்கு அடியில் கேட்டது.

சளப்.

சளப்.

சிரிப்பு மட்டும் வரவேயில்லை. முதியவராக நடித்தவர் நாற்பது வருடம் நாடக மேடையில் ஊரைச் சிரிக்க வைத்தவர். நாங்கள் பெரியவர் என்போம். அவருக்கே வரவில்லை. "மன்னிச்சுக்கம்மா, வறண்டு கிடக்கு உள்ள," என்றார். அக்கா நகத்தைக் கடித்தாள்.

பன்னிரண்டாவது டேக். வாளியைக் கழுவ எடுத்துப் போயிருந்தேன். திருப்பி வைப்பதற்குள் அக்கா தொடங்கிவிட்டாள்.

பெரியவர் சிரித்தார். தோள் குலுங்க, வாய்ச் சோறு தெரிய, கண்ணீர் பொங்க. மகனும் மகளும் நிஜமாகவே சேர்ந்து சிரித்தார்கள். அக்கா 'கட்' சொன்னாள்.

"நாய யாரும்மா உள்ள விட்டது?" என்றார் பெரியவர், மூச்சு வாங்க. "உள்ளங்காலை நக்கித் தள்ளுது."

விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். நாய் இல்லை. எதுவுமே இல்லை. அவருடைய வலது பாதம் மட்டும் குதிகாலிலிருந்து விரல்வரை நனைந்து, விரல் இடுக்கிலெல்லாம் மஞ்சள் நுரை. புளித்த பாலின் நாற்றம்.

எதுவானாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் எனக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. அக்காவைத் தனியே இழுத்துப்போய் நோட்டைக் காட்டி விளக்கினேன். "அடியில ஏதோ இருக்குக்கா. வாளி இருந்தா அதுல இருக்கறதத் தின்னுட்டு சும்மா கிடக்குது. வாளி இல்லன்னாதான் காலுக்கு வருது."

அவள் நோட்டைப் பார்த்தாள். பிறகு பெரியவரைப் பார்த்தாள். தள்ளி நின்று எடுத்ததில் சிரிப்பு கிடைத்துவிட்டது. அதே சிரிப்பு முகத்துக்குப் பக்கத்திலும் வேண்டும். இல்லையென்றால் இரண்டும் ஒட்டாது.

"வாளிய வெளியவே வை," என்றாள்.

வைத்தேன். அதுதான் என் பாவம்.

பெரியவர் சிரித்தார். நிறுத்த முடியாமல் சிரித்தார். சிரிப்பு ஏறி ஏறி, கீச்சென்று மெலிந்து, வேறு ஏதோ ஆனது. 'கட்' சொல்லும் உரிமை ஒருத்திக்குத்தான். அவள் சொல்லவில்லை. நான் பென்சிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கட்."

அவர் காலை இழுத்து வெளியே வைத்தார். ரத்தம் இல்லை. உரித்த முட்டை போல வழவழவென்று வெளுத்திருந்தது. ரேகை இல்லை. நகம் ஒன்றுகூட இல்லை.

"நல்லா வந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

தரை கழுவும் மருந்து பட்டு வெந்துவிட்டது என்று அக்கா எல்லோரிடமும் சொன்னாள். நம்பினார்கள். அவரை வேனில் மருத்துவமனைக்கு அனுப்பினோம்.

மீதி இருந்தது முதுகுப் பக்கக் காட்சி. அதில் அவர் முகம் தெரியாது. குலுங்கும் தோள் போதும். அவர் வேஷத்துக்குப் போட்டிருந்த கோட்டையும் தொப்பியையும் அக்கா மாட்டிக்கொண்டாள். தொப்பிக்குள் முடியைச் செருகினாள். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை விரிப்புக்கு அடியில் நுழைத்தாள்.

"அக்கா, வாளி..."

"வேணாம்னு சொன்னேன்ல."

அவள் தோள் அழகாகக் குலுங்கியது.

மாலையில் கறுப்புத் துணிகளைக் கழற்றினோம். வெளிச்சத்தில் மேஜைக்கு அடியில் வெறும் தரைதான் இருந்தது. வாடையும் போயிருந்தது.

படம் ஓடியது. அந்தச் சிரிப்பைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. பெரியவர் இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடப்பதில்லை. படத்தை இன்னும் பார்க்கவில்லை என்கிறார்.

போன ஞாயிறு மதியம் அக்கா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். மெலிந்திருந்தாள். பேசிக்கொண்டே சோற்றை மென்றாள். மென்றதை உள்ளங்கையில் துப்பி, பார்க்காமலே கையை மேஜைக்கு அடியில் இறக்கினாள். கை மேலே வந்தபோது சுத்தமாக, ஈரமாக இருந்தது. நெளியும் எச்சில் நூல் ஒன்று மணிக்கட்டிலிருந்து தொங்கியது. மறுபடி ஒரு கவளம். மறுபடி அடியில்.

என் கணவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் மெதுவாக இரண்டு கால்களையும் நாற்காலிமேல் மடித்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் கை கீழே போவது நின்றது. வாயில் இருந்ததை அவள் விழுங்கினாள். அடுத்த கவளத்தையும் விழுங்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"எத்தனை மாசமாச்சு தெரியுமாடி, முழுங்கிச் சாப்பிட்டு."

எழுந்தாள். கைகூடக் கழுவவில்லை. என்னை நிமிர்ந்து பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"உங்க அக்காவுக்கு அப்படி என்ன அவசரம்?" என்றார் என் கணவர். பிறகு சோற்றோடு களுக்கென்று சிரித்தார்.

"ஏய், காலை எடு. கூசுது."