சும்மா ஒரு கையெழுத்து

நவம்பர் கடைசி, வெள்ளிக்கிழமை. பின்னேரம் நாலு மணிக்கே ஸ்காபரோவில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. ஸ்ரீஸ்கந்தராசா காரை அந்த வீட்டு ட்ரைவ்வேயில் ஏற்றாமல் தெருவோரத்தில் நிறுத்தினார். அந்த ட்ரைவ்வேயில் ஏற அவருக்கு மனமில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் அதில்தான் அம்புலன்ஸ் நின்றது. அவசரமே இல்லாமல் நின்றது.

ஆள் செத்த வீடென்று டொரன்டோவில் எந்த வீடும் சும்மா கிடப்பதில்லை. கொஞ்சம் விலை குறைத்தால் அடிபட்டுக்கொண்டு வாங்குவார்கள். இதை வாங்கியவன் டிலக்சன், முப்பத்தாறு வயது, பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் இரவு வேலை. அவன்தான் காலையில் போன் எடுத்திருந்தான்.

"அங்கிள், ஒரு அப்ளிகேசன் போம் கிடக்கு. சும்மா ஒரு சைன்தான்."

இந்தச் 'சும்மா' இருக்கிறதே, இது எத்தனை பேரின் குடியைக் கெடுத்ததென்று ஒருவரும் கணக்கெடுப்பதில்லை. எண்பத்தொன்பதில் ஸ்ரீஸ்கந்தராசா பார்க்டேலில் வந்திறங்கியபோது, முன்பின் தெரியாத ஒருவர் வைத்த கையெழுத்தால்தான் அவருக்கு வாடகைக்கு அறை கிடைத்தது. அந்த நன்றியில் அவரும் கேட்டவனுக்கெல்லாம் வைத்தார். பாஸ்போட்டுக்கு வைத்தார், வீட்டு லீசுக்கு வைத்தார், அகதி வழக்குக்கு வைத்தார். இங்கத்தைய தமிழரிடையே 'சைன் அண்ணை' என்றே பெயர். பெருமையாகத்தான் இருந்தது. பிறகு துவக்கு லைசென்சுப் போம்கள் வரத் தொடங்கின. அதற்கும் வைத்தார்.

இந்த நாட்டில் எந்தத் துப்பாக்கி வைத்திருக்கவும் லைசென்சு வேண்டும். விண்ணப்பிக்கிறவனை நன்கு தெரிந்த இரண்டு பேர், இவனால் ஒருவருக்கும் ஆபத்தில்லை என்று கையெழுத்து வைக்க வேண்டும். வீட்டில் மனைவி இருந்தால் அவளுக்கும் ஒரு பெட்டி உண்டு. அதன்கீழே, பயமிருந்தால் அழைக்கலாம் என்று ஒரு தொலைபேசி இலக்கமும் போட்டிருக்கிறார்கள். போம் செய்தவனுக்கு மூளை இருந்திருக்கிறது. கையெழுத்து வைத்தவருக்குத்தான் இல்லை.

அவர் கதவு மணியை அழுத்தினார்.

"வாங்கோ அங்கிள், வாங்கோ!" டிலக்சன் கையைப் பிடித்து இழுத்தான். "சப்பாத்தை உதில கழட்டுங்கோ. லக்ஷி, அங்கிளுக்குத் தேத்தண்ணி!"

உள்ளே காலை வைத்ததும் ஒரு வாசம் அடித்தது. மண்ணெண்ணெயில் வாழைப்பழத்தை நசித்தது போன்ற வாசம். துவக்குக் குழாய் துடைக்கிற எண்ணெய் அது. ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு நன்றாகத் தெரியும். முந்தி இந்த வீட்டில் இருந்த ராகுலனின் கராஜ் முழுக்க அது மணக்கும்.

"தம்பி, துவக்கு ஏதும் ஏற்கெனவே வாங்கிட்டீரோ?"

"லைசென்சு இல்லாமலோ? ஜெயிலுக்குப் போகச் சொல்லுறியளோ அங்கிள்?" டிலக்சன் சிரித்துக்கொண்டே பேஸ்மன்ட் படியில் இறங்கினான். "நான் கீழ லைட் போட்டு எல்லாம் எடுத்து வைக்கிறன். குடிச்சிட்டு வாங்கோ."

குசினியில் லக்ஷிகா அடுப்புக்கு முன் நின்றாள். முதுகுதான் தெரிந்தது. வீட்டுக்குள்ளேயே குளிர் ஜக்கெட் போட்டிருந்தாள். ஜக்கெட் பொக்கற்றில் சாவிக்கொத்தோடு கார்த் திறப்பு துருத்திக்கொண்டிருந்தது. அவளுடைய சப்பாத்து முன்வாசலில் இல்லை, பின்கதவடியில் வாய் வெளியே பார்க்க வைத்திருந்தது. கண்ணுள்ள எவனுக்கும் விளங்கும், இது ஓட ஆயத்தமாக நிற்கிற பிள்ளை என்று. நம்முடைய பெரிய மனிதரோ, ஹீற்றர் பில் கூடவென்று குறைத்துவிட்டார்கள் போல என்று நினைத்தார்.

"அங்கிள், உந்தப் போமில சைன் வையாதேங்கோ."

மிகவும் மெல்லிய குரல்.

"என்ன பிள்ளை?"

லக்ஷிகா திரும்பினாள். கையில் சீனிப் போத்தல். "நான் ஒண்டும் சொல்லேல்லையே அங்கிள்."

அவள் வாய் திறக்கவில்லை என்பது உண்மைதான். அது அவள் குரலும் இல்லை.

அவருக்கு அந்தக் குரலைத் தெரியும். இதே வார்த்தையை, இதே குசினியிலிருந்து, போனில் சொல்லியிருந்தவள் ராகுலனின் மனைவி துவாரகா. "அங்கிள், உந்தப் போமில சைன் வையாதேங்கோ. நானும் வைக்கமாட்டன். அவர் கோவம் வந்தா ஆளே வேற. எனக்குப் பயமாக் கிடக்கு." ஒரு பெண் இதைவிட எப்படிச் சொல்லுவாள்? செத்தவீட்டுக் கல்வெட்டில் அச்சடித்தா கொடுப்பாள்?

அவர் என்ன செய்தார் தெரியுமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராகுலனின் கராஜுக்குப் போனார். அங்கே நாலைந்து பேர் கதிரை போட்டு இருந்தார்கள். ஊரில் வெடிச்சத்தம் கேட்டுப் பங்கருக்குள் பாய்ந்த பிள்ளைகள்தான் எல்லாரும். கடல் தாண்டி வந்து, வயிறு வைத்து, உனக்குப் பிடித்த துவக்கு எது, எனக்குப் பிடித்த கத்தி எது என்று வாயூறக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் வைத்து, துவாரகா சொன்னதை இவர் பகிடியாக எடுத்து விட்டார். சபை சிரித்தது. ராகுலனும் சிரித்தான். அந்த இடத்திலேயே கையெழுத்தும் வைத்துக் கொடுத்தார். இரண்டு நாளில் துவாரகாவின் கையெழுத்தும் போமில் வந்துவிட்டது. அது எப்படி வந்ததென்று அவர் கேட்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, பேஸ்மன்டில் துவக்குத் துடைக்கும்போது கைதவறி வெடித்தது என்றான் ராகுலன். கோர்ட்டும் கவனயீனம் என்று நாலு வருடம் கொடுத்து விட்டுவிட்டது. துவாரகாவின் செத்தவீட்டில் மைக்கைப் பிடித்து, எல்லாம் விதி என்று பேசியவரும் இவர்தான். விதிக்கு யார் கையெழுத்து வைத்ததென்று அங்கே ஒருத்தராவது எழும்பிக் கேட்டிருக்க வேண்டும்.

"அங்கிள், வாங்கோ!" கீழேயிருந்து டிலக்சன் கூப்பிட்டான்.

அந்தச் சத்தத்துக்கு லக்ஷிகா சட்டென்று தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள், கூப்பிட்டது தன்னை இல்லையென்றாலும். அவள் கை கார்த் திறப்பைத் தேடிப் போனதை இந்தமுறை அவரும் பார்த்தார்.

பேஸ்மன்டில் அந்த வாசம் இன்னும் தடிப்பாக இருந்தது. மேசையில் ஒரு துணி விரித்து டிலக்சன் தன் கத்திகளை வரிசையாக வைத்திருந்தான். கத்திக்கு லைசென்சு தேவையில்லையே. "இது பின்லாந்துக் கத்தி அங்கிள், பிடி பேர்ச் மரம். மான் உரிக்க இதுதான் திறம். இது மடக்கிறது, ஒரு விரலால திறக்கலாம், பாருங்கோ." சடக். "இது என்ர செல்லம்." போனில் ஒரு துவக்கின் படத்தைக் காட்டினான். வால்நட் கட்டை, தூரக் கண்ணாடி. பிறந்த பிள்ளையின் படம் காட்டுகிறவனின் முகம்.

சுவரோரம் ஆள் உயரத்தில் இரும்புப் பெட்டகம் ஒன்று நின்றது. ராகுலனுடையது. கொங்கிரீற்றில் ஆணி அடித்து இறுக்கியதால் ஒருவராலும் அசைக்க முடியாமல் வீட்டோடேயே விட்டுவிட்டார்கள்.

"துவக்கு வைக்கிற சேஃப் ஓசியில வந்திருக்கு. வெறுமையாக் கிடக்கிறதைப் பாக்க அந்தரமாக் கிடக்கு அங்கிள்." போமைப் பெட்டகக் கதவில் அழுத்திப் பிடித்து, பேனையை நீட்டினான். "உதில."

மனைவியின் பெட்டி வெறுமையாக இருந்தது.

"லக்ஷிகா இன்னும் வைக்கேல்லையோ?"

"வைப்பா." பேனை இன்னும் நீட்டியபடி இருந்தது. "வைக்காமல் எங்க போறது?"

அவர் பேனையை வாங்கினார். பழகின கை. கூடவே பழகின வாயும் திறந்தது. பிள்ளை கொஞ்சம் பயப்பிடுறா போல, நீர் வடிவாக் கதைத்துச் சமாளியும் என்று சொல்லத்தான் போனார். தொண்டைவரை வந்துவிட்டது.

பெட்டகத்துக்குள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது.

ஒரு தட்டு. பிறகு இன்னொன்று.

"உது ஹீற்றர் பைப் அங்கிள். பழைய வீடு."

அது பைப் இல்லை. இரும்புக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், ஒருவர் செருமினார். பிறகு கதைத்தார்.

"டேய், உன்ர மனிசி எனக்குக் கோல் எடுத்து அழுறா. சைன் வைக்க வேண்டாமாம்!"

ஓர் ஆணின் குரல். நல்ல நிரம்பிய, சபைக்குப் பழகின குரல். சொல்லி முடித்துச் சிரித்தது.

ஸ்ரீஸ்கந்தராசா பெட்டகத்தை விட்டு ஓரடி பின்னால் போனார்.

அது அவருடைய குரல். அவருடைய சிரிப்பு.

"ஆர் அங்கிள்? உங்கட போனோ?" டிலக்சன் மடக்குக் கத்தியைத் திறந்தபடியே நின்றான். மெல்ல மெல்ல அவன் முகம் மாறியது. "ஆற்ற மனிசி? லக்ஷி உங்களுக்குக் கோல் எடுத்தவளோ?"

"இல்லைத் தம்பி."

"மேல குசினிக்கை நிண்டு என்ன சொன்னவள்?"

அவன் படியைப் பார்த்தான். ஒரு வார்த்தை பிசகினால் இன்னுமொரு பிள்ளை போய்விடும். அறுபது வருடத்தில் முதல்தடவையாக அந்த மனிதருக்குத் தன் வாயைக் கண்டே பயம் வந்தது.

"அவ ஒண்டும் சொல்லேல்லை. நீர் இப்ப கேட்டது நான் சொன்ன கதை. துவாரகாவைப் பற்றி, ராகுலனுக்கு. அந்தப் பிள்ளை என்னை நம்பிச் சொன்னதை நான் பகிடி எண்டு சொல்லிக் குடுத்தனான். அதாலதான் அவள் செத்தவள்." குரல் உடைந்தது. உடையட்டும், அது உடைய வேண்டிய குரல்தான். "நான் சைன் வைக்கேலாது. இது என்ர முடிவு. உம்மட மனிசிக்கு இதில ஒரு சம்பந்தமும் இல்லை."

"அப்ப ஏன் வந்தனீங்கள்? என்னைக் கொலைகாரன் எண்டு சொல்லவோ?" டிலக்சன் கத்தினான். "நீங்க இல்லாட்டி ஆளில்லையோ? ரெண்டு சைன் எடுக்க எனக்கு ரெண்டு மணித்தியாலம் காணும்!"

அது உண்மை. நம் ஆட்களில் 'சும்மா'வுக்குப் பஞ்சமில்லை.

அவர் போமை இழுத்து மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு படியேறினார். பின்னால் பெட்டகக் கதவு தானாகத் திறந்து இரும்பு முனகியது. டிலக்சனின் கத்தல் பாதியில் நின்றது. ஸ்ரீஸ்கந்தராசா திரும்பிப் பார்க்கவில்லை.

குசினியில் ஒருவருமில்லை. பின்கதவு திறந்து கிடந்தது. சப்பாத்தும் இல்லை. தெருவுக்கு வந்தபோது, அவர் வரும்போது ட்ரைவ்வேயில் நின்ற இரண்டு கார்களில் சின்னதைக் காணவில்லை. நல்ல பிள்ளை, ஓடிவிட்டாள். அவரை நம்பிக் காத்திருக்கவில்லை.

காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டார். போமை விரித்தார். மனைவியின் பெட்டிக்குக் கீழே அந்த இலக்கம். அழைத்தால் விஷயம் வெளியே வரும், ஊர் சிரிக்கும், காட்டிக்கொடுத்தவன் என்று பெயர் வரும். கையெழுத்து வைக்காமல் விடுவது சுலபம். வைக்க விடாமல் தடுப்பதற்குத்தான் முதுகெலும்பு வேண்டும். லக்ஷிகா எத்தனை நாள் ஓடுவாள்?

அழைத்தார். ஒரு பெண் அதிகாரி ஆங்கிலத்தில் கதைத்தாள்.

"உங்கள் பெயர்?"

"கட்டாயம் சொல்ல வேண்டுமா?"

"விருப்பமில்லாவிட்டால் வேண்டாம்."

நிம்மதியாக மூச்சு விட்டார், பாருங்கள். அந்த நேரத்திலும். டிலக்சனின் பெயரைச் சொன்னார், முகவரி சொன்னார், மனைவி பயந்து ஓடிவிட்டாள் என்றார். மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சொல்லி முடித்து வாயை மூடிய பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தது.

"சேர், உங்களோடு இருக்கும் பெண்ணைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள்."

"எந்தப் பெண்?"

"பெயர்கள் சொல்கிறாரே. இதுவரை ஆறு எழுதியிருக்கிறேன். ராகுலன். அகஸ்ரின். யோசப். வாகீசன்..." நாக்கு இடறி இடறி ஆறையும் வாசித்தாள்.

துவக்குப் போமில் அவர் கையெழுத்து வைத்துக் கொடுத்த ஆறு பேர். ஒருவர் கூடவுமில்லை, குறையவுமில்லை. யாருடைய வீட்டிலும் அந்தப் பட்டியல் இல்லை. அவரே ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

காருக்குள் அந்த எண்ணெய் மணந்தது.

"இப்போது ஏழாவதாக ஒரு பெயரைத் திருப்பித் திருப்பிச் சொல்கிறார், கோபமாக இருக்கிறார் போல. நீளமான பெயர். ஸ்ரீ... ஸ்கந்த... ராசா. சரியா?" அதிகாரி காத்திருந்தாள். "இவரிடம் என்ன துவக்கு இருக்கிறது, சேர்?"

அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். கண்ணாடியில் பார்த்தார். பின்சீட்டு வெறுமையாக இருந்தது. பின்கண்ணாடி மட்டும் உள்பக்கமாக மூச்சுப் பட்டுப் பூத்திருந்தது.

பின்னால் ஒருவர் சீட் பெல்ட்டை இழுத்து, ஆறுதலாக மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது.