நகத்தில் ஏறிய மருதாணி

சாளரத்தில் விடிந்தது. முதலில் சாம்பல் நிறம், பிறகு வெளிர்மஞ்சள், பிறகு வேப்பங்கிளையில் ஒரு காகம். அது மூன்று முறை கரைந்துவிட்டு இடப்பக்கமாகப் பறந்துபோகும் என்று செண்பகவல்லிக்குத் தெரியும். நேற்றும் அப்படித்தான் போனது. சுவரில் பதித்த ஒளிச்சாளரத்துக்குள் குடியிருக்கும் காகத்துக்கு வேறு என்ன வேலை?

"எந்திரிச்சிட்டீங்களாம்மா? இன்னைக்குப் பன்னெண்டாம் நாளு" என்றபடி செவிலி ஜெபராணி உள்ளே வந்தாள். கதவுப் பலகையில் 12 என்று எண் மாறியது.

"மணி என்ன ஜெபா?"

"காலைம்மா."

"காலைன்னா?"

"காலைன்னா காலைதான்" என்று சிரித்தாள் ஜெபராணி. இது தினமும் நடக்கும் கூத்து. மீளகம் என்ற இந்த மருத்துவமனையில் கடிகாரம் கிடையாது, நாட்காட்டி கிடையாது. ஜெபராணியின் மணிக்கட்டில் கடிகாரம் கட்டிய வெள்ளைத் தடம் மட்டும் இருக்கும். கடிகாரத்தை வாசலிலேயே கழற்றி வாங்கிவிடுவார்கள். சாப்பாட்டில்கூட மாம்பழம் வராது. மாம்பழம் வந்தால் கோடை என்று தெரிந்துவிடுமே. எந்த மாதமும் கிடைக்கிற வாழைப்பழம்தான் தட்டில் இருக்கும்.

யாரை வேண்டுமானாலும் இப்படி அடைத்து வைக்கலாம், செண்பகவல்லியை அடைத்ததுதான் அநியாயம். கோவில்பட்டிப் பேருந்து நிலையத்தில் இருபத்தாறு ஆண்டுகள் டைம் கீப்பராக இருந்தவள். பேருந்துகள் ஓட்டுநர் இல்லாமல் தாமாக ஓடத் தொடங்கிய பிறகும் அவளுக்கு வேலை போகவில்லை. இரண்டு நிமிடம் தாமதமாக வந்த பேருந்தின் முன்னால் போய் நின்று, உள்ளே ஆள் இல்லை என்று தெரிந்தும் திட்டித் தீர்ப்பாள். நிலையத்தின் புழுதியையெல்லாம் இழுத்து இழுத்து அவளுடைய நுரையீரல் கல்லாகிவிட்டது. அதை வெட்டி எடுத்துவிட்டு, மூச்சுக்குக் குழாய்களைப் பொருத்தி, அவளுடைய அணுக்களிலிருந்தே புதிதாக ஒன்றை நெஞ்சுக்குள் வளர்க்கிறார்கள்.

கடிகாரத்தை ஒளிப்பதற்கும் ஒரு நியாயம் சொன்னார்கள். நாளை எண்ணிக்கொண்டு படுத்திருப்பவர்களின் உடம்பு ஓயாமல் பதறுகிறதாம். அந்தப் பதற்றத்தில் இளம் நுரையீரல் வாடிவிடுகிறதாம். எண்ணாதவர்கள் பிழைக்கிறார்களாம். அதனால் சட்டமே போட்டுவிட்டார்கள். அதற்குக் காலக்கவசம் என்று பெயர். செண்பகவல்லியின் நெஞ்சில் ஒட்டியிருக்கும் சிறிய உணர்மானி நாள் முழுக்கப் பச்சையாக ஒளிர வேண்டும். பதறினால் மஞ்சளாகும். மஞ்சள் நீடித்தால் சிவப்பு.

"எத்தனை நாள் ஆகும் டாக்டர்?" என்று அவள் கேட்டபோது, "முப்பது நாள்" என்றார்கள். மகள் கோமதிக்கு ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து மூன்றாம் நாள் அது. பிரசவத்துக்கு இன்னும் எழுபது நாள் இருந்தது. செண்பகவல்லி மனக்கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டாள். படிவத்தின் உள்பக்கங்களில் ஏதோ விளக்கம் இருந்தது. நாற்பது பக்கத்தை யார் படிக்கிறார்கள்?

கோமதிக்குத் தகப்பன் இல்லை. பிள்ளைக்குப் பெயர் வைத்து, அதன் காதில் மூன்று தடவை சொல்வது அம்மாதான் என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "நீ வராம எம்புள்ளைக்குப் பேரு வைக்க மாட்டேன், பாத்துக்கோ" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றவளிடம், "உம்பிள்ளை பொறக்கதுக்கு முன்னாடியே வாசல்ல வந்து நிப்பேன், போட்டீ" என்றாள் செண்பகவல்லி. வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். ஐந்து பத்துக்குக் கிளம்ப வேண்டிய வண்டி ஐந்து பத்துக்குக் கிளம்ப வேண்டும்.

ஜெபராணி நாடி பார்த்துவிட்டுப் போனதும் கஞ்சி குடித்தாள். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வளைகாப்புக்கு வந்த பெண்களுக்கு மருதாணி அரைத்தபோது, கோமதி அவளையும் பிடித்து இழுத்துப் பத்து விரலுக்கும் தொப்பி வைத்துவிட்டிருந்தாள். இரண்டாம் நாள் கண் விழித்தபோதே விரல் தோலில் சிவப்பு வெளிறியிருந்தது. ஆஸ்பத்திரி சோப்பு காரம் போலும் என்று நினைத்தாள். ஐந்தாம் நாள், நகத்தின் அடியில் வெள்ளையாக ஒரு பிறை தெரிந்தது. மருந்து உடம்பை வெளுக்கிறது என்று நினைத்தாள். இன்று பெருவிரலைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். நகத்தில் முக்கால்வாசி வெள்ளை. நுனியில் மட்டும் கால்வாசி சிவப்பு.

மருந்துக்கு நகம் வெளுக்கும். ஆனால் சிவப்பு இப்படிக் கோடு கிழித்தது போல நுனிக்கு ஏறுமா? அவள் ஊரில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள்: தீபாவளிக்கு வைத்த மருதாணி பொங்கலன்று பெருவிரல் நகத்தில் சரிபாதிக்கு ஏறி நிற்கும். எழுபத்தைந்து நாளுக்குப் பாதி என்றால் முக்காலுக்கு?

நூற்றுப் பத்து நாள்.

சேர்க்கையின்போது நகப்பூச்சு இருக்கிறதா என்று ஓர் இயந்திரம் அவள் விரலைத் தடவிப் பார்த்தது. பூச்சு எதுவும் சுரண்டலில் வரவில்லை. 'நிறம்: இயல்பு' என்று குறித்துக்கொண்டது. தூக்கத்தில் அவளுக்கு நகம் வெட்டி, முடி வெட்டி, எல்லாவற்றையும் நேற்றைய அளவுக்கே கொண்டுவந்து வைத்தவர்கள், மருதாணி நகத்தோடு சேர்ந்து வளரும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

பதினோரு தூக்கம். நூற்றுப் பத்து நாள். பேருந்து அட்டவணையில் முப்பது வண்டியை மனதுக்குள் மாற்றி ஓட்டியவளுக்கு இந்த வகுத்தல் ஒரு கணக்கா? மாலையில் கொடுக்கும் ஒரு டம்ளர் பாலைக் குடித்துப் படுத்தால் பத்து நாள் போகிறது. எட்டாம் நாள் வருவதாகச் சொன்ன கோமதி, 'லேசாகக் காய்ச்சல்' என்று வராமல் இருந்தாளே, அன்றுதான் எழுபதாவது நாள்.

உணர்மானி மஞ்சளாக மினுக்கியது.

செண்பகவல்லிக்கு அடுத்த அறைத் தவசிமுத்து நினைவுக்கு வந்தார். ஆறாம் நாள் அவர் நடைகூடத்தில் நின்று, "எம்மவன் தலை நரைச்சிருக்கு! என்னைய எத்தனை வருசமா இங்க போட்டு வச்சிருக்கிய?" என்று கத்தினார். பார்க்க வந்த மகன் தலைக்குச் சாயம் பூச மறந்துவிட்டான். மறுநாள் அவர் கதவில் 'நாள் 1' என்று இருந்தது. "அவுகளுக்குக் காலமுறிவு ஆயிட்டும்மா. வளந்த நுரையீரல் வாடிட்டு. இனி மொதல்ல இருந்து" என்றாள் ஜெபராணி. பாவம், கிழவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் அன்று செண்பகவல்லி நினைத்தாள்.

கண்ணை மூடினாள். "அஞ்சு பத்து திருநெல்வேலி. அஞ்சு இருபத்தஞ்சு சாத்தூர். அஞ்சு நாப்பது எட்டயபுரம்" என்று உதட்டுக்குள் சொல்லத் தொடங்கினாள். விளாத்திகுளம் வண்டி வரும்போது மூச்சு சீரானது. சங்கரன்கோவில் வண்டிக்கு மஞ்சள் மறைந்து பச்சை திரும்பியது. பயப்படுவதற்குக்கூட இங்கே அனுமதி இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அம்மா, யாரு வந்திருக்கா பாருங்க!" என்று கதவைத் திறந்தாள் ஜெபராணி.

கோமதி வந்தாள். வளைகாப்பில் கட்டிய அதே பச்சைச் சேலை, அதே ஏழு மாத வயிறு, இடுப்பில் ஒரு கை.

செண்பகவல்லிக்கு உயிர் திரும்பியது. நகமாவது மருதாணியாவது! வயிறு அப்படியே இருக்கிறதே! இல்லாததை எல்லாம் கற்பனை பண்ணிக்கொண்டு, பாவி மனசு என்ன பாடு படுத்திவிட்டது! "வாட்டி எந்தங்கம், வா" என்று இரண்டு கையையும் நீட்டினாள். கோமதி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

வயிறு அழுந்தியது.

பிள்ளை இருக்கும் வயிறு அப்படி அழுந்தாது. அது எதிர்த்து நிற்கும். இது பஞ்சு மாதிரி உள்ளே போனது. கோமதியின் கழுத்தில் வசம்பும் பால் வாடையும் கலந்து வந்தன. பிள்ளைக்கு மருந்து உரசிய கையை எத்தனை தடவை கழுவினாலும் வசம்பு வாடை போகாது. செண்பகவல்லி மூன்று முறை கருவுற்று ஒன்றை மட்டும் பெற்று வளர்த்தவள், அவளுக்குத் தெரியாதா?

அவள் அணைத்த கையை எடுக்கவில்லை. எடுத்தால் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"காய்ச்சல் விட்டுட்டா?" என்று மகளின் தோளுக்குமேல் சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"விட்டுட்டும்மா. நல்லாருக்கேன்." கோமதியின் குரல் ஒப்பித்தது போல இருந்தது. வருகை அறையில் ஒரு மணி நேரம் பாடம் எடுத்து, வயிற்றைக் கட்டி, என்ன பேசலாம் என்ன பேசக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். ஜெபராணி கதவருகே நின்றாள். அவள் கண் உணர்மானியில் இருந்தது.

"அஞ்சு பத்து திருநெல்வேலி" என்றாள் செண்பகவல்லி மனதுக்குள். அணைப்பை விட்டு மகளைப் பார்த்தாள். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அந்தக் கருவளையத்தைப் பூசி மறைக்கப் பார்த்திருந்தார்கள்.

"தூங்கதே இல்லையாட்டீ?"

"உள்ள கெடந்து உதைக்கும்மா. தூங்க விட மாட்டேங்கு."

"என்ன பிள்ளைன்னு தோணுது?"

"பொண்ணு." உடனே திருத்தினாள். "பொண்ணாத்தான் இருக்கும்னு தோணுதும்மா. ஒன்ன மாதிரி நெத்தி... இருந்தா நல்லாருக்கும்."

பெண். தன் நெற்றி. செண்பகவல்லிக்குக் கதற வேண்டும் போல இருந்தது. எழுந்து, குழாய்களைப் பிய்த்துப் போட்டுவிட்டு, வெளியே யாருடைய மடியிலோ கிடக்கும் பேத்தியைத் தூக்க வேண்டும் போல இருந்தது. கத்தினால் முப்பது தூக்கம் மறுபடியும். முந்நூறு நாள். நிஜமான ஜன்னல்கூட இல்லாத இந்த ஊமைச் சுவருக்குள், மூச்சை அடக்குவது போலத் துக்கத்தையும் அடக்கிக்கொண்டு அவள் சிரித்தாள்.

"பேரு யோசிச்சு வச்சிருக்கியா?"

"இல்லம்மா." இந்த ஒரு பதில் மட்டும் ஒப்பித்தது போல இல்லை. கோமதியின் கண் நிறைந்தது. "மாமியார் வீட்டுல ஆளுக்கொண்ணு சொல்லுதாக. நான் முடியாதுன்னுட்டேன். பாப்பான்னுதான்... பாப்பான்னுதான் கூப்புடுவோம், நீ வார வரைக்கும்."

நாற்பது நாளாகப் பெயரில்லாமல் ஒரு பிள்ளை. மாமியார் வீட்டுப் பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு, தன் வாக்குக்காக இந்தப் பெண் பிடிவாதமாக நின்றிருக்கிறாள். தான்தான் வண்டியைத் தவறவிட்டோம் என்று செண்பகவல்லிக்கு நெஞ்சு வலித்தது.

"கிட்ட வா" என்றாள்.

குனிந்து, பச்சைச் சேலைமேல், அந்தப் பஞ்சு வயிற்றில் வாயை வைத்தாள். பிள்ளையின் காதுப் பக்கம் எப்படிக் கையைக் குவிப்பார்களோ அப்படிக் குவித்துக்கொண்டாள்.

"சுடர்க்கொடி" என்றாள். "சுடர்க்கொடி. சுடர்க்கொடி."

கோமதியின் உடம்பு விறைத்தது. பிறக்காத பிள்ளையின் காதில் யாரும் பெயர் சொல்வதில்லை. அது அவளுக்குத் தெரியும், அவள் அம்மாவுக்கும் தெரியும். கோமதி அம்மாவின் கையைப் பார்த்தாள். செண்பகவல்லி பெருவிரலைத் திருப்பி, நகத்தின் நுனியிலிருந்த சிவப்பை மகளுக்கு மட்டும் தெரியக் காட்டினாள். கோமதியின் வாய் திறந்தது.

"மூச்" என்றாள் செண்பகவல்லி, புன்னகை மாறாமல். உணர்மானி பச்சையாகவே இருந்தது. அவள் மனதுக்குள் விளாத்திகுளம் வண்டி போய்க்கொண்டிருந்தது.

"என்னம்மா, இப்பமே பேரு வச்சிட்டீங்களா?" என்றாள் ஜெபராணி.

"சும்மா ஒரு ஆசைதான் ஜெபா. பேரு பிடிச்சிருக்கா?"

ஜெபராணி உணர்மானியிலிருந்து கண்ணை எடுத்துத் தலை குனிந்துகொண்டாள். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று செண்பகவல்லிக்குத் தெரியவில்லை. புரிந்திருந்தாலும் அவள் சொல்ல மாட்டாள் என்று தோன்றியது.

கோமதியின் ரவிக்கையில் இடப்பக்கம் ஈரம் ஒரு ரூபாய் அளவுக்குப் படர்ந்தது. எங்கேயோ பிள்ளைக்குப் பால் குடிக்கும் வேளையாகிவிட்டது. செண்பகவல்லி மகளின் முந்தானையை இழுத்து அதை மூடினாள்.

"போட்டீ. பசிக்கும்" என்றாள். சட்டென்று, "ஒனக்குப் பசிக்கும். மாசமா இருக்கவ நேரத்துக்குச் சாப்பிடணும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

"நாளைக்கு வாரேம்மா" என்றாள் கோமதி. வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"வரும்போது கொஞ்சம் மருதாணி அரைச்சுட்டு வா. வெளுத்துப்போச்சு."

கோமதி தலையாட்டினாள். இரண்டு கையாலும் அந்தப் பொய் வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு போனாள்.

மாலையானது. சாளரத்தில் வெளிச்சம் மங்கியது. ஜெபராணி பாலோடு வந்தாள். இந்தப் பாலை மறுக்க வழியில்லை, துப்ப வழியில்லை. இது போக இன்னும் பதினெட்டு டம்ளர். பிள்ளை குப்புற விழுவதை ஒரு டம்ளரில் குடிக்க வேண்டும், தவழ்வதை இன்னொன்றில். முதல் பல் எந்த டம்ளரில் முளைக்குமோ? ஆனால் ஒவ்வொன்றையும் குடித்தால்தான் அடுத்தது வரும்.

"மெதுவாக் குடிங்கம்மா, சூடா இருக்கு" என்றாள் ஜெபராணி.

செண்பகவல்லி டம்ளரை வாங்கினாள். நாளைக் காலை அந்தக் காகம் கரையும்போது சுடர்க்கொடிக்கு ஐம்பது நாள் ஆகியிருக்கும். அஞ்சு பத்து திருநெல்வேலி என்று தொடங்கி, ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.