இரண்டாவது பேரிங்

காய்ந்த தேங்காயெண்ணெயில் இரண்டாவது பேரிங்கை இறக்கியதும் சட்டி படபடவென்று வெடித்தது. ஈரம் இருந்தால்தான் எண்ணெய் அப்படி வெடிக்கும். ஆனால் சின்னப்பன் அதை மூன்று முறை மண்ணெண்ணெயில் கழுவி, ஐந்து மாதமாக அடுப்புக்கு மேலே தொங்கவிட்டிருந்தான். குறடால் தூக்கிப் பார்த்தான். குண்டுகளுக்கு நடுவிலிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. எண்ணெய் வாசனையையும் மீறி, வெள்ளம் வடிந்தபின் ஊரை ஒட்டி ஓடும் பா என்கிற ஆற்றின் கரையில் அடித்த சேற்று நாற்றமும் அழுகிய கரும்புத் தோகை நாற்றமும் கொட்டகை முழுக்கப் பரவின.

நாளை சங்கத்துக் கூடத்தில் விழா. பழைய மோட்டார் வண்டியின் காந்தங்களை வைத்து, கையால் சுற்றினாலே பல்பு எரிகிற இயந்திரம் செய்து தருவதாக ஊரெல்லாம் மார்தட்டியிருந்தான். இப்போது பின்வாங்க முடியுமா? சூட்டில் விரிந்திருக்கும்போதே பேரிங்கைத் தண்டில் ஏற்ற வேண்டும். ஆறினால் இறுகிவிடும், அப்புறம் யாராலும் கழற்ற முடியாது. ஏற்றினான். இறுகிவிட்டது.

சட்டத்தில் பொருத்திக் கைப்பிடியைச் சுற்றினான். முதல் பேரிங் வெண்ணெயாக ஓடியது. இரண்டாவதிலிருந்து சத்தம் வந்தது. டொக், டொக், டொக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி டொக், டொக், டொக்.

பேரிங்கின் குண்டு ஒன்று சிதைந்திருந்தால் சுற்றுக்கு ஒரு தரம் சீராகத் தட்டும். இதுவோ தட்டிவிட்டுக் காத்திருந்தது. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும்.

வெள்ளத்தன்று ஹபீஸ் பாயின் லாரி பாலத்தடியில் கவிழ்ந்து கிடந்ததை முதலில் பார்த்தவன் இவன்தான். பாய் நீந்திக் கரையேறியிருப்பார், ஆற்றோடு போகிற சாமான்தானே என்று முன்சக்கரத்தைக் கழற்றினான். முதல் பேரிங் கையில் வந்தபோது வண்டிக்குள்ளிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. தண்ணீர்தான் மோதுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இரண்டாவதைக் கழற்றி முடிக்கிறவரை அது கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றுவிட்டது. மறுநாள் பாயின் உடலை வைத்த ஜனாஸாவைத் தூக்க இவனும் தோள் கொடுத்தான். நல்ல மனுஷன் என்று எல்லாரும் இவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அதை நினைத்தால் தனியாக இருக்கும்போதுகூட முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கூசிப்போவான்.

"அண்ணே."

கைப்பிடியை விட்டுவிட்டுத் திரும்பினான். கொட்டகை வாசலில் ஹபீஸின் மனைவி ஹலீமா நின்றாள். அவளுக்குப் பின்னால் கரும்புக்காட்டில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"நாலு மாசம் பத்து நாளு வீட்டோட இருந்த இத்தா முடிஞ்சு மொதல்ல ஒங்ககிட்டதான் வர்றேன். அவர தூக்கினது நீங்கதானே?" அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஒண்ணு கேக்கணும்ணே. உள்ள மாட்டிக்கிட்டு அவரு தட்டியிருப்பாருல்ல? ஒருத்தர் காதுலகூடவா விழல?"

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"மழைம்மா," என்றான். "ஒண்ணும் கேட்டிருக்காது."

டொக், டொக், டொக்.

கைப்பிடியில் அவன் கை இல்லை. தண்டு சுற்றிக்கொண்டிருந்தது.

"அது என்னண்ணே?"

"பேரிங்கு. பழைய பேரிங்கு. அப்பிடித்தான் சத்தம் போடும்."

டொக், டொக், டொக்.

ஹலீமாவின் முகம் மாறிப்போயிற்று. "வீட்டுக்கு வந்தா அவரு இப்பிடித்தான் கதவ தட்டுவாரு."

மண்தரையில் மண்டியிட்டாள். சட்டத்தில் விரலால் மூன்று தட்டு தட்டினாள். உடனே பதில் வந்தது. வேகமாக. நிற்காமல்.

"இருங்க," என்றாள் அவள், பேரிங்கிடம். "இதோ, தொறந்துடறோம்."

தண்டு நின்றது. பல்பு எரிந்தது. யாரும் சுற்றவில்லை.

பேரிங்கிலிருந்து தண்ணீர் வழிந்தது. சின்னப்பனுக்குப் பயத்தைவிட வெட்கம்தான் முந்திக்கொண்டது. இவள் பார்க்கக் கூடாது. எண்ணெய்த் துணியை எடுத்துப் பேரிங்கின்மேல் அழுத்தினான். இரண்டு கையாலும். துணி நனைந்தது. துணிக்கு அடியில் ஏதோ நெளிந்தது. குளிர்ந்த விரல் ஒன்று அவன் விரல்களுக்கு நடுவே நுழைந்தது. இன்னொன்று. இன்னொன்று.

ஹலீமா துணியை இழுத்தாள்.

தண்டுக்கும் வளையத்துக்கும் நடுவே, ஒரு மயிர்கூட நுழையாத இடத்திலிருந்து, மணிக்கட்டுவரை ஒரு கை வெளியே வந்திருந்தது. சேறு படிந்த ஆண்கை. சின்னப்பனுடைய கையைக் கோத்துப் பிடித்திருந்தது.

அவள் அந்தக் கையைப் பார்க்கவில்லை. பல்பு வெளிச்சத்தில் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.