இரண்டு வாய்ச் சிமிழ்

மாலைச் செம்மை மேற்கே வெண்கரட்டு மலைமுடியில் கரைந்தொழிய, கிழக்கே நாணலாற்றின் மணற்றிட்டுகளுக்கு அப்பால் பௌர்ணமிச் சந்திரன் பொன்தட்டாய் எழுந்து, நீர்ப்பரப்பின்மேல் நெடிய வெள்ளிப் பாதை ஒன்றை விரித்துக்கொண்டிருந்த அவ்வேளையில், பாழியூர்க் கோட்டையின் மதில்மேல் நின்ற வீரர் எவரும் அந்த அழகைப் பார்க்கவில்லை. ஆற்றின் அக்கரை நெடுக வெண்கரட்டுப் பாளையத்தாரின் கூடாரங்கள் மழைக்காளான் முளைத்தாற்போல் நின்றன. கோட்டைக்குள் அரிசி குறைந்துவிட்டது. விறகு தீர்ந்துவிட்டது. வெளியே போன ஒற்றர் எவரும் திரும்பவில்லை. பொறிக்குள் அகப்பட்ட எலிக்கு நிலவு எப்படி இருந்தால் என்ன?

அந்தக் கோட்டைக்கு ஒரு வழக்கம் இருந்தது. விளக்கேற்றும் வேளையில் முதல் முரசு முழங்கும். அதன்பின் கோட்டைத் தளவாய் குதிரையேறி, கையில் தீவட்டியோடு, அகன்ற மதிலின்மேல் ஒரு முழுச் சுற்று வர வேண்டும். ஊரும் பார்க்கும், அக்கரைப் பகைவனும் பார்ப்பான். கோட்டைக்கு இன்னும் ஒரு தலைவன் இருக்கிறான் என்பதற்கு அந்த வெளிச்சமே சாட்சி. இரண்டாம் முரசு முழங்குமுன் அது புறப்படாவிட்டால், கோட்டைச் சாவி அக்கணமே பிரதானியின் கைக்குப் போய்விடும்.

அன்று முதல் முரசு முழங்கிவிட்டது. வெளிச்சம் புறப்படவில்லை.

தளவாய் கடம்பராயர் குதிரை லாயத்தில் ஒரு கல்தூணைக் கட்டிக்கொண்டு நின்றார். வேங்கை என்றும் இடியேறு என்றும் புலவர்கள் பாடிய மனிதர் அவர். அன்பார்ந்த வாசகர்களே, புலவர்கள் பாடியதில் பாதியை இப்போதே தள்ளிவிடுங்கள். பாடிப் பரிசு வாங்கியவர்களில் ஒருவருக்குக்கூட இடுப்பு வலித்திருக்காது. பல ஆண்டுகளுக்குமுன் ஆற்றங்கரைப் போரில் வெண்கரட்டார் எறிந்த ஈட்டி ஒன்று தளவாயின் இடப்பக்க இடுப்பெலும்பில் பாய்ந்து, காம்பு முறிந்து, முனை உள்ளேயே தங்கிவிட்டது. அன்றிலிருந்து பொழுது சாய்ந்து காற்று குளிர்ந்ததும், பழுக்கக் காய்ச்சிய கம்பியை உள்ளேயிருந்து யாரோ திருகுவதுபோல் வலிக்கும். வைத்தியர்கள் சுட்டார்கள், தைலம் காய்ச்சினார்கள், அபின் கொடுத்தார்கள். அபின் வலியைக் கொன்றது. கூடவே ஆளையும் பாதி கொன்றது. சபையில் உட்கார்ந்தபடியே உறங்கி விழுந்த தளவாய் ஒருநாள் அதைத் தூக்கி எறிந்தார்.

முற்றுகைக்குச் சற்றுமுன் கோட்டைக்கு வந்து சேர்ந்தவள் உலகுடையாள் என்ற வைத்தியப் பெண். கஞ்சா இலையைப் பலமுறை நீரில் அலசி, பசுநெய்யில் வதக்கி, பாலில் அரைத்து, சுக்கும் கருப்பட்டியும் கூட்டி லேகியமாகக் கிண்டி, மாலைதோறும் சுண்டைக்காய் அளவு கொடுத்தாள். வலி போய்விட்டது என்று சொன்னால் அது பொய். வலி இருந்தது. ஆனால் காலைக் கவ்விய நாயை அடுத்த தெருவில் கொண்டுபோய்க் கட்டினாற்போல, குரைப்பு மட்டும் கேட்டது. குரைப்போடு குதிரை ஏறலாம்.

இதைத் தளவாய் எவருக்கும் சொல்லவில்லை. பண்டாரங்கள் புகைக்கும் இலையைத் தின்றுதான் கோட்டை காக்கிறார் என்று தெரிந்தால் படை மதிக்காது. தவிர, தளவாயின் வாய்க்குப் போகும் தண்ணீரைக்கூட முதலில் சோதனைக்காரன் குடித்துப் பார்க்க வேண்டும் என்பது அரண்மனைச் சட்டம். அந்தச் சட்டத்தை ஏமாற்றிவிட்டு, எந்த ஊர் என்றே தெரியாத ஒரு பெண்ணின் கையிலிருந்து, சோதிக்காத மருந்தை லாயத்து இருட்டில் நின்று விழுங்கிக்கொண்டிருந்தார். புத்தியுள்ளவன் செய்கிற காரியம் இல்லைதான்.

"தாமதமாகிவிட்டது, தளவாய் அவர்களே" என்றபடி உலகுடையாள் உள்ளே வந்தாள். நெடிய உருவம். பேசும்போது எதிரே நிற்பவர் கண்ணைவிட்டு அகலாத பார்வை. "மதகுக் காவலை யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஆற்றுத் திட்டுக்குப் போய் இலை பறிக்க முடியவில்லை."

"கையிருப்பு?"

"மூன்று வேளைக்கு."

"அதற்குப் பின்?"

"தாங்கள் தூணைக் கட்டிக்கொண்டு நிற்பீர்கள். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன்."

"உனக்கு வாய் கொஞ்சம் அதிகம்."

"இனிக்கப் பேசுகிறவர் வேண்டுமானால் தங்கள் பிரதானியைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்" என்றவள், மடியிலிருந்து மான்கொம்புச் சிமிழ் ஒன்றை எடுத்தாள். இரண்டு முனையிலும் மூடியுள்ள சிமிழ் அது. எப்போதும் ஒரு முனையைத்தான் திறப்பாள். மறுமுனை அரக்கு வைத்து அடைத்திருக்கும். அதில் என்ன இருக்கிறது என்று தளவாய் ஒருநாளும் கேட்டதில்லை.

"கூப்பிட வேண்டிய சிரமம் இல்லாமல் நானே வந்துவிட்டேன்" என்றது வாசலில் ஒரு குரல்.

பிரதானி வெங்களப்பன் நின்றிருந்தார். பட்டுத் தலைப்பாகை, சந்தனப் பூச்சு, சர்க்கரைப் பேச்சு. பின்னால் காவல் தலைவனும் நான்கு வீரர்களும். அவர்களுக்கும் பின்னால், கைகளைக் கட்டிக்கொண்டு, சோதனைக்காரன் பேயாண்டி.

"தளவாய் அவர்களின் உடல்நலம் பாழியூரின் உயிர்நாடி அல்லவா? அவர் ஒளிந்துநின்று எதையோ உண்பதாகக் கேள்விப்பட்டு நெஞ்சு பதறி ஓடிவந்தேன். மதகு வழியாக ஆற்றுத் திட்டுக்குப் போய்வருகிறவள் இந்தப் பெண். பகைவர் கூடாரம் அங்கிருந்து கூப்பிடு தூரம். சட்டப்படி பேயாண்டி முதலில் உண்ணட்டும்."

கடம்பராயர் தூணைவிட்டுக் கையெடுக்கவில்லை. எடுத்தால் விழுந்துவிடுவார். சோதனை கூடாது என்றால், ஒளிக்கிறார் என்றாகும். சரி என்றால், மருந்து உள்ளே போய் வேலை செய்யப் பொழுது போதாது. இரண்டாம் முரசு முழங்கிவிடும். இரண்டு வழியையும் எண்ணிப் பார்த்தார். இரண்டுமே மதிற்சுவர்.

"உண்ணட்டும்" என்றார்.

"சுண்டைக்காய் அளவு போதும்" என்று உலகுடையாள் சிமிழை நீட்டினாள்.

"எனக்கு யாரும் எதையும் அளந்து குடுத்தது இல்லை அம்மணி. என்னை எமனுக்கே அளக்காமத்தான் குடுக்கிறாங்க" என்ற பேயாண்டி, வெறும் வயிற்றோடு வந்திருந்தவன், சட்டம் அப்படி, விரலால் வழித்து மூன்று வேளை மருந்தையும் ஒரே வாயில் போட்டுக்கொண்டான். சப்புக்கொட்டினான். "கருப்பட்டி தூக்கல். பழுதில்லை."

பிறகு காத்திருந்தார்கள். மதிலடியில் ஜனங்கள் கூடும் சலசலப்பு கேட்டது. ஏன் இன்னும் தீவட்டி வரவில்லை என்று ஒரு கிழவர் உரக்கக் கேட்டார். தளவாயின் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. பிரதானி பொறுமையாகத் தம் காதுக் கடுக்கனை இருமுறை திருகினார்.

உடனே பேயாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குப்புற விழுந்தான். புரண்டான், முனகினான், காலை உதறினான், பின்பு அடங்கிப்போனான்.

"விஷம்" என்றார் வெங்களப்பன். "பிடியுங்கள் அவளை. வெட்டிவிட்டு மறுவேலை பாருங்கள்."

வீரர்கள் உலகுடையாளின் கைகளை முறுக்கிப் பிடித்தார்கள். அவள் திமிறவில்லை. தளவாயை மட்டும் பார்த்தாள்.

"அந்த இலை யாரையும் இப்படிக் கொல்லாது. சற்றுப் பொறுங்கள்."

"பிணத்தை வைத்துக்கொண்டு பொறுப்பதா?"

"பிரதானியாரே," தளவாயின் குரல் பல்லிடுக்கிலிருந்து வந்தது, "இரண்டாம் முரசுவரை சாவி என்னிடம். அதுவரை என் சொல்தான் செல்லும். அவள்மேல் கத்தி படக்கூடாது."

"தங்கள் விருப்பம். முரசடிக்க அதிக நேரம் இல்லை" என்று பிரதானி புன்னகை செய்தார்.

வாசகர்களே, அவர் ஏன் புன்னகை செய்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சாவி கைக்கு வந்த இரவே கோட்டைக் கதவைத் திறந்துவிடுவதாகவும், பதிலுக்குத் தம் மாளிகையைத் தொடாமல் விட வேண்டும் என்றும் வெண்கரட்டாரோடு அவர் பேசி முடித்திருந்தார். எல்லாவற்றையும் யோசித்திருந்தார். தாம் ஏவிய ஆள் உண்மையிலேயே மருந்தை விழுங்கப்போகிறான் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

முதலில் பிணத்தின் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. பிறகு 'க்கிக்கீ' என்று ஒரு சத்தம். எல்லோரும் குதிரை கனைத்தது என்றே நினைத்தார்கள். பேயாண்டி மெல்ல எழுந்து உட்கார்ந்தான். கண்கள் செம்பருத்தியாய்ச் சிவந்திருந்தன.

"சாமி, இந்தக் குதிரை மூஞ்சியைப் பாருங்களேன். அப்படியே எங்க மாமனார்" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தான்.

"பேயாண்டி, நீ செத்துவிட்டாய்" என்றார் பிரதானி தாழ்ந்த குரலில்.

"அட, ஆமா சாமி. மறந்துபோச்சு" என்று பேயாண்டி மறுபடி படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணோடும் சிரிப்பு வந்தது.

"பேயாண்டி," தளவாய் மெதுவாகக் கேட்டார், "உன்னைச் சாகச் சொன்னது யார்?"

"பிரதானியார்தான். கடுக்கனைத் திருகினா விழணும்னாரு. தளவாய்கிட்டேருந்து சாவி நம்ம கைக்கு வந்துடும், கதவைத் தொறந்துட்டா அக்கரைக்காரன் நம்மளை ஒண்ணும் செய்யமாட்டான், அப்புறம் உன் வாய்க்கு விடுதலைன்னாரு." திடீரென்று அவன் சிரிப்பு நின்றது. "விவரம் தெரிஞ்ச நாளா ஒரு கவளம்கூடப் பயப்படாம முழுங்கினது இல்லை சாமி. இன்னிக்குத்தான் பயமே வரலை. பசிக்குது. யாராச்சும் சோறு போடுங்க. யாரும் ருசி பார்க்காத சோறு."

உலகுடையாளைப் பிடித்திருந்த கைகள் தாமாகவே தளர்ந்தன. காவல் தலைவன் பிரதானியின் பட்டுத் தலைப்பாகையை உருவி, அதனாலேயே அவர் கைகளைப் பின்கட்டாகக் கட்டினான். "அவனுக்கு வயிறு நிறையச் சோறு போடுங்கள்" என்றார் தளவாய். பேயாண்டியை இருவர் தாங்கிக்கொண்டு போனார்கள். போகிற வழியெல்லாம் அவன் சிரிப்பு கேட்டது.

பிரதானியை மற்றவர்கள் இழுத்துப் போனபின், லாயத்தில் தளவாயும் உலகுடையாளும் தனியாக நின்றனர்.

"பழி நீங்கியது" என்றார் கடம்பராயர். "ஆனால் மருந்து முழுவதும் அவன் வயிற்றில்."

"பழி நீங்கவில்லை" என்றாள் உலகுடையாள். "விஷம் என்று பிரதானி சொன்னது பொய். பகையாள் என்று சாடை காட்டியது மெய். இந்தச் சிமிழின் மறுவாயில் உயிர்குடிக்கும் வச்சநாபி இருக்கிறது. தங்கள் இடுப்பிலிருக்கும் ஈட்டியை எறிந்தவன் என் சின்ன அண்ணன் சாமந்தன். அதே இடத்தில் தாங்கள் அவனை வெட்டினீர்கள். அக்கரையில் கூடாரமடித்திருக்கும் பாளையக்காரர் என் பெரிய அண்ணன். நான் மருந்து கொடுக்க வரவில்லை."

"தெரியும்."

அவள் முகத்தில் முதல்முறையாகக் கலக்கம் தெரிந்தது.

"வந்த அன்று துணிக்குமேல் தொட்டுப் பார்த்தாய். உள்ளே முனை பாம்பு நாக்குப்போல் இரண்டாய் விரிந்திருக்கிறது என்றாய். எந்த வைத்தியனும் அதைக் கண்டுபிடித்ததில்லை. உடம்புக்குள் போனபின் விரிகிற ஈட்டி உங்கள் உலைக்களத்து இரகசியம்."

"தெரிந்தும் என் கையால் உண்டீர்களா? என்னை நம்பியா?"

"நம்பினேன் என்று யார் சொன்னது? நம்பித் தின்னவில்லை. வலித்தது, தின்றேன். ஒவ்வொரு மாலையும் இன்றைக்கு மறுவாயைத் திறப்பாள் என்றுதான் வாயைத் திறந்தேன். நீ ஏன் திறக்கவில்லை?"

அவள் சிமிழின் அரக்கை விரலால் தடவினாள். "முதல்நாள் மருந்துண்டு சுற்றி வந்து இறங்கியதும் ஒரு மூச்சு விட்டீர்கள். வலியில்லாத மூச்சு. அதைக் கேட்டுவிட்டேன். சாமந்தனுக்கு ஒரே பொழுதில் முடிந்துவிட்டது. தங்களுக்கு இத்தனை வருஷமாக முடியவில்லை. இதை எங்கள் வீட்டில் யாரும் எனக்குச் சொல்லவில்லை."

வெளியே முரசுக்காரன் தோலைத் தட்டிப் பதம் பார்க்கும் ஓசை கேட்டது.

"மதகைத் திறக்கச் சொல்கிறேன், போய்விடு" என்றார் தளவாய். "உன் அண்ணன் கூடாரம் பக்கத்தில்தான்."

"போனால் நாளை மாலைக்கு இலை பறித்து வருவது யார்?"

"யாரும் இல்லை."

உலகுடையாள் சிமிழை அவர் கையில் வைத்து விரல்களை மூடினாள். "இனி மறுவாய் தங்கள் வசம். எங்கள் வீட்டு இரும்பு தங்கள் உடம்பில் இருக்கிறது. அது இருக்கிற காலம்வரை என் வீடும் இதுதான். சாமந்தன்மேல் ஆணை."

அரக்கு உடையாத சிமிழைக் கடம்பராயர் இடைக்கச்சில் செருகிக்கொண்டார். அவர் இடக்காலுக்குக் கீழே அவள் தன் தோளைக் கொடுத்தாள். குதிரைமேல் ஏறியதும் அவருடைய தலைப்பாகைத் துணியால் தொடையைச் சேணத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள். முரசுக்காரன் கோலை ஓங்கியபோது மதிலின்மேல் தீவட்டி வெளிச்சம் தெரிந்தது. ஓங்கிய கோல் இறங்கவில்லை.

கடிவாளத்தைப் பிடித்து முன்னால் நடந்த பெண்ணின் முகத்தில் அந்த வெளிச்சம் முழுதும் விழுந்தது. அக்கரையில் ஆரவாரம் அடங்கியது. "உலகம்" என்று வீட்டுப் பெயர் சொல்லி ஓர் ஆண்குரல் ஆற்றைத் தாண்டி ஒருமுறை அழைத்தது. அவள் நடை ஒரு கணம் தடுமாறியது. திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று தளவாய் சிரித்தபடியே மதிலை வலம்வந்தார் என்று பிற்காலத்தில் பாட்டுக் கட்டினார்களாம். சிரிக்கவில்லை. குதிரை குளம்பு வைக்கும்போதெல்லாம் இரும்பு எலும்பில் இடிக்க, உதட்டைக் கடித்து இரத்தத்தை விழுங்கிக்கொண்டு போனார்.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்று வடமூலையில் கேட்டார்.

"பாதிதான் வந்திருக்கிறோம், தளவாய் அவர்களே."

"பேசிக்கொண்டே வா. எதையாவது பேசு."

அவள் சற்று யோசித்தாள். பிறகு, கடிவாளத்தை விடாமல், தன் அண்ணன் சாமந்தனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.