கூரையிலிருந்து ஒரு திருத்தம்

"அந்த எடத்துல ஒரு மூச்சு இழுக்கணுங்க."

குரல் வாசலிலிருந்து வந்தது. அவள் பெரிய வயலின் போன்ற செல்லோவின் மீதிருந்த வில்லை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். தொப்பலாக நனைந்த ஒருவன் சுத்தியலோடு நின்றிருந்தான். ஒரு வாரமாக அரங்கத்தின் ஒழுகும் கூரையைச் சரிசெய்பவன். இமை நுனியில் மழைத்துளி... அதற்குப் பின்னால் சிரிக்கும் கண்கள்.

வாசித்தவர்கள் நால்வர். அவள், முதல் வயலின் வாசிக்கும் அவளுடைய அண்ணன், இன்னும் இருவர். கடற்கரையில் படகிழுப்பவர்கள் பாடும் பாட்டொன்றை நான்கு தந்திக் கருவிகளுக்காக விரித்து எழுதிய இசை அது. ஞாயிற்றுக்கிழமை கச்சேரி. மூன்றாம் பகுதி மட்டும் நாலு நாளாக நொண்டியடித்தது.

"இந்தப் பாட்டப் பாடி நானே படகு இழுத்திருக்கேன். பாட்டுல ஒரு அடி முடிஞ்சதும் எல்லாரும் மூச்ச இழுத்துக்குவோம். அப்புறந்தான் கயித்த இழுப்போம். நீங்க நிக்காம ஓடுறீங்க."

அண்ணனின் முகம் சிவந்தது. அவன் வாய் திறப்பதற்குள் அவளே முந்திக்கொண்டாள்.

"நீங்க கூரையப் பாருங்க. பாட்ட நாங்க பாத்துக்கறோம்."

கண்களில் இருந்த சிரிப்பு அணைந்தது. "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

எல்லோரும் கிளம்பியபின் தனியாக வாசித்துப் பார்த்தாள். அவன் சொன்ன இடத்தில் வில்லைத் தூக்கி, மூச்சை இழுத்து, பிறகு... கனத்த படகொன்று மணலை விட்டு நகர்ந்தது போலிருந்தது. கன்னம் சுட்டது. என்ன பேச்சு பேசிவிட்டோம்...

மறுநாள் கூரைமேல் வேறொருவர் இருந்தார்.

"அவரா? வேற எடம் கேட்டு வாங்கிட்டாரும்மா. நூலகத்துல வேல பாக்குறாரு."

அவளுக்குத் திக்கென்றது. அண்ணனிடம் அந்தப் பகுதியை வாசித்துக் காட்டினாள். அவன் இரண்டு தரம் கேட்டான். பிறகு வயலினைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டான்.

"சரியாத்தான் சொல்லியிருக்காரு. போ... கச்சேரிக்குக் கூப்பிட்டுட்டு வா."

வீம்புக்குப் பேர்போன அண்ணனா இது!

நூலக வாசலில் தூறல். ஏணிக்குக் கீழே கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றாள்.

"கொஞ்சம் கீழ வர்றீங்களா?"

வந்தான். இடது கட்டைவிரலில் பெரிய கட்டு.

"நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் தப்பாப் பேசிட்டேன். கோவிச்சுக்கிட்டுதானே போயிட்டீங்க?"

"கோவமா?" அவன் விழித்தான். "நீங்க வாசிக்க ஆரம்பிச்சா ஆணி எது, வெரல் எதுன்னு தெரிய மாட்டேங்குது. மூணு தடவ அடிச்சுக்கிட்டேன். இன்னும் அங்கயே இருந்தா சோறு திங்கக்கூட வெரல் மிஞ்சாதுன்னுதான்..."

நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அப்படியே இறங்கிப்போனது. சிரித்தாள். சிரிப்போடு கண்ணும் கலங்கியது.

"ஞாயித்துக்கிழம கச்சேரிக்கு வரணும்."

"கச்சேரிக்கு மட்டுமா?" அவன் தரையைப் பார்த்துக் கேட்டான்.

"இல்ல... அதுக்கப்புறமும். எனக்கு உங்களப் புடிச்சிருக்கு."

அவன் நிமிர்ந்தான்.

"நான் போன வாரமே விழுந்துட்டேங்க. நல்லவேள... ஏணியிலேருந்து இல்ல."